பள்ளி விழா எதைக் கற்பிக்கிறது?

ஒரு பள்ளி தன் மாணவர்க்குக் கற்பிக்கும் பாடங்களுள், பாடநூலில் இல்லாத பாடம் ஒன்று உண்டு. அதற்குத் தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை, ஆயினும் வாழ்நாள் முழுதும் மறவாமல் நிற்பது அதுவே. அப்பாடம் நடைபெறும் இடம் வகுப்பறை அன்று, விழா மேடை. ஆண்டுக்கு ஒருமுறை பந்தலிட்டு, ஊரைக் கூட்டி, பெற்றோரை முன்வரிசையில் அமர்த்தி, எந்தப் பிள்ளையை மேடைக்கு அழைத்து எதற்காகக் கைதட்டுகின்றார்களோ, அதுவே உயர்ந்தது என்று கீழே அமர்ந்திருக்கும் பிள்ளைகள் அனைவரும் கற்றுக்கொள்கின்றனர். பாராட்டப்படுவது தேடப்படும், பாராட்டப்படாதது கைவிடப்படும். இஃது உலகியல்.

ஆகவே, பள்ளி விழாவை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளிவிடுதல் ஆகாது. ஓராண்டு முழுதும் தமிழாசிரியர் ஒருவர் தொண்டை வறளக் கற்பித்ததை, ஒரு மாலைப்பொழுது விழா உறுதிப்படுத்தவும் கூடும். அடியோடு அழித்துவிடவும் கூடும்.

இற்றைத் தமிழகத்தில் மேனிலைப் பள்ளி விழாக்கள் பலவும் எவ்வாறு நடைபெறுகின்றன என்பதை அறியாதார் இலர். அழைப்பிதழ் ஆங்கிலத்தில் அச்சாகும். வாயிலில் நெகிழித் தட்டி ஒன்று, மாணவர் முகங்களையும் மதிப்பெண்களையும் சுமந்து நிற்கும். பொதுத்தேர்வில் மாநில முதன்மை, மாவட்ட முதன்மை என்று தரவரிசை வெளியிடும் முறையை 2017-ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு நிறுத்திவிட்டது. அரசு நிறுத்தியதைத் தட்டிகள் நிறுத்தவில்லை. தமிழ்த்தாய் வாழ்த்து ஒலிப்பெட்டியினின்று ஒலிக்கும். பாட வேண்டிய ஆயிரம் வாய்கள் மூடியிருக்கும். ஆண்டறிக்கை ஆங்கிலத்திற் படிக்கப்பெறும். தம் பிள்ளையின் பெயர் அதில் வந்ததா, வரவில்லையா என்றுகூட அறியாத பெற்றோர், பிறர் தட்டுகின்றார்களே என்று தாமும் கைதட்டுவர். கணக்குக்குப் பரிசு, அறிவியலுக்குப் பரிசு, ஆங்கிலத்திற்குப் பரிசு, கணினிக்குப் பரிசு என்று வரிசை நீளும். இருட்டிவிடும். "நேரமின்மையால் எஞ்சிய பரிசுகளை நாளை அலுவலகத்திற் பெற்றுக்கொள்ளலாம்" என்று அறிவிப்பு வரும். எஞ்சியது எது என்று கேட்க வேண்டுவதில்லை. அது தமிழ்ப் பரிசாகவே இருக்கும்.

எல்லாப் பள்ளிகளும் இவ்வாறே என்று கூறுதல் நேர்மையன்று. தமிழில் அறிக்கை படித்து, தமிழில் அழைப்பு அச்சிட்டு, பிள்ளைகளைக் கொண்டே வாழ்த்துப் பாடுவித்து விழா எடுக்கும் தலைமையாசிரியர்கள் இன்றும் உளர். ஆனால் அவர்களை ஊர் "பழைய ஆள்" என்கிறது. தமிழில் விழா எடுத்தல் பழைமை என்று கருதப்படும் நிலை வந்ததே கேடு.

பழைமை என்றால் எவ்வளவு பழைமை? அதற்கு விடை சொல்லத் தண்பொருநைக் கரையில் ஓர் ஊர் இருக்கிறது. இன்று ஆழ்வார்திருநகரி; அன்று குருகூர். திருநெல்வேலியினின்று திருச்செந்தூர்க்குச் செல்லும் தொடர்வண்டித் தடத்தில் அமைந்த சிற்றூர். நம்மாழ்வார் பிறந்த ஊர் என்பதால் அதற்கு அப்பெயர். திருவிருத்தம், திருவாசிரியம், பெரிய திருவந்தாதி, திருவாய்மொழி என்னும் நான்கு நூல்களை அவர் தமிழிற் பாடினார். சமயத்தை ஏற்பாரும் ஏலாதாரும் ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை, அவர் தமிழ் அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது என்பது. திருவரங்கம், திருவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகிய மூன்று ஊர்க் கோயில்களில், அரையர்கள் ஆழ்வார் பாடல்களைப் பாடி நடித்துப் பொருள்விரிக்கும் மரபு தொடர்ந்து வருகிறது.

இவ்வூரின் பெருமை ஆசிரியரோடு முடிந்துவிடவில்லை. மாணவராலும் பெருமை பெற்ற ஊர் இது. அருகிலுள்ள திருக்கோளூரிற் பிறந்த மதுரகவி, நம்மாழ்வாரினும் அகவையில் மூத்தவர் என்று மரபு கூறும். வடபுலம் சுற்றிக் கற்றுவந்த அம்முதியவர், குருகூர்ப் புளியமரத்தடியில் அமர்ந்திருந்த இளைஞரிடம் ஒரு கேள்வி கேட்டார், விடை கேட்டார், அப்பொழுதே மாணாக்கரானார். மூத்தோன் இளையோனிடம் கற்பதில் இழுக்கில்லை என்று கண்டது குருகூர்.

அம்மாணவர் தம் ஆசிரியருக்கு எடுத்த விழா என்ன? பதினொரு பாட்டு. கண்ணிநுண்சிறுத்தாம்பு என்று அதற்குப் பெயர். நாலாயிரம் பாட்டுள், இறைவனைப் பாடுதலை விட்டு ஆசிரியனைப் பாடுதலையே பொருளாகக் கொண்ட மாணவன் பாட்டு அது. பந்தல் இல்லை, பொன்னாடை இல்லை, தட்டி இல்லை. தமிழ் ஒன்றே விழாப்பொருள்.

அந்த விழாவின் பயன் யாது என்பதையும் மரபு சொல்கிறது. காலப்போக்கில் ஆழ்வார் பாடல்கள் வழக்கொழிந்து மறைந்தன. நாதமுனிகள் என்னும் அறிஞர் தம் ஊரில் பத்துப் பாட்டு மட்டும் பாடக் கேட்டார். அவை ஆயிரத்துள் பத்து என்று அறிந்தார். மீதியைத் தேடிக் குருகூர்க்கு வந்தார். அங்கும் ஆயிரம் கிடைக்கவில்லை. மதுரகவியின் வழிவந்த பராங்குசதாசர் என்பார் நினைவில் எஞ்சியிருந்தவை அந்தப் பதினொரு பாட்டே. நாதமுனிகள் அதனைப் பன்னீராயிரம் முறை ஓதினார் என்றும், அதன் பின்னரே நாலாயிரமும் கிடைத்தன என்றும் கூறுவர். கிடைத்த வகையை நம்புவார் நம்புக, நம்பாதார் விடுக. உட்பொருள் ஒன்றே. ஆசிரியன் பாட்டு மறைந்தபோதும் மாணவன் பாராட்டு மறையவில்லை. மறைந்ததை மீட்கும் திறவுகோலாக நின்றதும் அதுவே. ஓர் ஊர் எதைப் பாராட்டி வைக்கிறதோ, அதுவே அவ்வூர்க்குத் திரும்பக் கிடைக்கும்.

குருகூரின் கல்வி அத்துடன் நின்றுவிடவுமில்லை. மாறனலங்காரம் என்னும் அணியிலக்கணம் யாத்த குருகைப் பெருமாள் கவிராயர் அவ்வூரினர். கவிராயர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சுவடிகளைக் காத்து, வீட்டுத் திண்ணையையே பள்ளியாக்கிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொன்ன ஊர் அது. பத்துப்பாட்டை அச்சேற்ற முனைந்த உ.வே. சாமிநாதர் நல்ல சுவடி தேடி அலைந்தபோது, வழி காட்டியது அவ்வூரே. இலக்குமணக் கவிராயர் வீட்டுச் சுவடிகளைப் புரட்டிப் பார்த்தும் வேண்டியது கிட்டாமல் அவர் சோர்ந்திருந்தார். ஊர்த் திருவிழா நடந்த ஓரிரவில், கவிராயர் தம் மாமனார் வீட்டினின்று ஒரு சுவடியைக் கொணர்ந்து கொடுத்தார். நிலவொளியிலேயே அதனைப் பிரித்துப் பார்த்த சாமிநாதர் அதில் முல்லைப்பாட்டைக் கண்டு பெருமகிழ்வுற்றார். 'நிலவில் மலர்ந்த முல்லை' என்று பின்னாளில் அவரே அதனை எழுதிவைத்தார். பத்துப்பாட்டு 1889-ஆம் ஆண்டு அச்சில் வந்தது. இன்று எந்தப் பள்ளியிலும் முல்லைப்பாட்டைப் படிக்கும் பிள்ளை, குருகூர்க்குக் கடன்பட்டதாகும்.

இத்தகைய மண்ணைச் சுற்றி இன்று எத்தனையோ பள்ளிகள். அருகே திருவைகுண்டத்தில், அவ்வூரிற் பிறந்த குமரகுருபரர் பெயராலேயே மேனிலைப் பள்ளியும் கல்லூரியும் விளங்குகின்றன. தென்திருப்பேரையினின்றும் திருக்கோளூரினின்றும் பிள்ளைகள் காலையிற் பேருந்தேறிப் பள்ளிக்குச் செல்கின்றனர். அவர்கள் மேடைகளில் எது பாராட்டப்படுகிறது என்பது, அவ்வூர்களின் நாளைய தமிழ் எது என்பதற்கு விடையாகும்.

இங்கே 2022-ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவை நினைவுகூர்தல் தகும். பெருந்தொற்றால் பள்ளிகள் நெடுநாள் மூடிக் கிடந்த பின் நடந்த தேர்வு அது. எழுதியோர் 9 இலக்கத்திற்கும் மேற்பட்டோர். அறிவியலில் நூற்றுக்கு நூறு பெற்றோர் 3,841 பேர். கணக்கில் 2,186 பேர். குமுகவியலில் 1,009 பேர். ஆங்கிலத்தில் 45 பேர். தமிழில் ஒருவர். ஒரே ஒருவர். அம்மாணவி திருச்செந்தூரைச் சேர்ந்தவர். குருகூர் வழியாகச் செல்லும் அதே தொடர்வண்டித் தடத்தின் கடைசி ஊர். அதே தேர்வில் தமிழில் தோற்றோர் தொகை 47,000-க்கும் மேல்.

அந்த ஒரு மாணவியை நாடே பாராட்டியது, நன்று. தண்பொருநை நாடு தன் பழம்புகழை மறக்கவில்லை என்று தமிழ் நெஞ்சங்கள் மகிழ்ந்தன, அதுவும் நன்று. ஆனால் இரண்டு கேள்விகள் அம்மகிழ்ச்சியின் பின்னே நிற்கின்றன. தாய்மொழியில் முழுமை பெற்றவர் ஒருவர் மட்டும் என்பது எப்படி? தாய்மொழியில் தோற்றவர் இத்துணைப் பேர் என்பது எப்படி?

இரண்டாம் கேள்விக்கு விடை எளிது. தமிழ் தானே வரும், அதற்கென்று படிக்க வேண்டுவதில்லை என்று வீடு நினைக்கிறது. தமிழுக்கு ஒதுக்கிய பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுக்கலாம் என்று பள்ளி நினைக்கிறது. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. சட்டம் தமிழைப் பாடவேளைப் பட்டியலில் ஏற்றியது. மதிப்பில் ஏற்ற எந்தச் சட்டத்தாலும் இயலாது. அதனைச் செய்ய வல்லது பாராட்டு ஒன்றே.

முதற்கேள்விக்கு விடை கூறுமிடத்துத் தமிழாசிரியரே தம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். பிறரைக் குறை கூறி முடித்துவிடுதல் தமிழர்க்கு எளிதாயிற்று. இங்கே அது பொருந்தாது. அறிவியல் தாளைத் திருத்துவோர், விடை சரியாயின் முழு மதிப்பெண் இடுகின்றனர். தமிழ்த் தாளைத் திருத்துவோருட் சிலர், முழு மதிப்பெண் இடுதல் தமிழுக்குச் செய்யும் இழுக்கென்பதுபோற் கருதுகின்றனர். ஒற்று மிகவில்லை என்று அரை மதிப்பெண். கையெழுத்து அழகில்லை என்று அரை மதிப்பெண். கட்டுரை நன்றேயாயினும் "இதைவிட நன்றாக எழுதக்கூடும்" என்று ஒரு மதிப்பெண். பிழையைத் திருத்துதல் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் பிழையில்லாத தாளிலும் குறை தேடிக் கொடாமற் பிடித்து வைப்பது கண்டிப்பு ஆகாது. அறிவியலை விரும்பினால் நூறு கிடைக்கும், தமிழை விரும்பினால் கிடைக்காது என்று பதினைந்து அகவைப் பிள்ளை கணக்கிடுகிறது. அக்கணக்கில் அது தோற்பதில்லை. அதற்கு அக்கணக்கைக் கற்பித்தவர் யார் என்பதைத் தமிழாசிரியர் உலகம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மதுரகவியைப் பெற்ற ஆசிரியன் மரபு, தன் மாணவனைப் பாராட்டக் கை நடுங்கும் மரபாக மாறலாமா?

"தமிழைப் பாராட்டிப் பயனென்ன? பிழைப்புக்கு ஆங்கிலமன்றோ வேண்டும்" என்று பெற்றோர் கேட்பர். அவர்களைப் பழித்தல் தகாது. பிள்ளையின் வாழ்வை எண்ணி அஞ்சுவோர் அவர். 2012-13-ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகியதற்கும் அவ்வச்சமே அடிப்படை. அவர்க்கு விடை வசைமொழியன்று, சான்று. 2008-ஆம் ஆண்டு சந்திரயான்-1 என்னும் நிலவுக்கலத் திட்டத்தின் இயக்குநராக இருந்த மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடியிற் பிறந்து தமிழ்வழியிற் பள்ளிக்கல்வி பெற்றவர். 2018 முதல் 2022 வரை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராக இருந்த சிவன், குமரி மாவட்டத்துச் சிற்றூரில் தமிழ்வழி அரசுப் பள்ளியில் படித்தவர். இருவரும் ஆங்கிலம் அறியாதவரல்லர். ஆங்கிலத்தை மொழியாகக் கற்றனர்; அறிவைத் தாய்மொழியிற் பெற்றனர். அடித்தளம் உறுதியாயின் மேல்மாடம் எத்துணையும் எழுப்பலாம்.

அரசுப்பணியில் தமிழ்வழியிற் பயின்றோர்க்கு நூற்றுக்கு 20 இடம் ஒதுக்கும் சட்டம் 2010-இல் வந்தது. பள்ளிக் கல்வி முழுதும் தமிழ்வழியிற் பயின்றிருத்தல் வேண்டும் என்னும் திருத்தம் 2020-இல் வந்தது. பதினொன்றாம் வகுப்பு மாணவர்க்குத் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு 2022 முதல் நடத்தப்பெற்று, தேர்ந்த 1,500 பேர்க்குத் திங்கள்தோறும் 1,500 உருபா ஈராண்டு வழங்கும் திட்டமும் ஏற்பட்டது. இவற்றை எத்தனைப் பள்ளி மேடைகள் பெற்றோர்க்கு எடுத்துரைத்தன? அத்தேர்வில் வென்ற பிள்ளையின் முகம் எத்தனைத் தட்டிகளில் ஏறியது? தமிழாற் பயன் உண்டு; அப்பயனைச் சொல்லும் மேடைதான் இல்லை.

கடல் கடந்த சிங்கப்பூரில் தமிழர் சிறுபான்மையர். ஆயினும் தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. ஆண்டுதோறும் ஏப்பிரல் திங்களில் தமிழ்மொழி விழா எடுத்து, மாணவர்க்குப் பேச்சும் எழுத்தும் நாடகமுமாகப் போட்டிகள் வைத்துப் பாராட்டுகின்றனர். வீட்டிலே ஆங்கிலம் பேசும் தமிழ்ப் பிள்ளைகளும் அங்கு மேடையேறித் தமிழ் பேசிப் பரிசு பெறுகின்றனர். சிறுபான்மையராய் வாழும் இடத்தில் தமிழுக்கு ஒரு திங்கள். பெரும்பான்மையராய் வாழும் இடத்தில் தமிழுக்கு "நாளை அலுவலகத்தில்".

இனிச் செய்யத்தக்கன யாவை? பெரும்பொருட் செலவு வேண்டுவன எவையும் இல்லை. ஒரு தலைமையாசிரியர் உறுதி பூண்டால் அடுத்த விழாவிலேயே நிறைவேற்றத்தக்கனவே இவை.

ஒன்று: தமிழ்த்தாய் வாழ்த்தைப் பிள்ளைகளே பாடுதல் வேண்டும். மனோன்மணியம் சுந்தரனார் நூலினின்று எடுத்த அப்பாடலை 2021 திசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, ஒலித்தட்டைத் தவிர்த்துப் பயிற்சி பெற்றோர் வாயாற் பாடுதல் வேண்டும் என்றே கூறுகிறது. பாடி முடிக்க ஒரு நிமையம்கூட ஆகாது. அவ்வளவு நேரம் தன் குரலால் தமிழை வாழ்த்தாத பள்ளி, வேறு எதைச் செய்து என்ன?

இரண்டு: அழைப்பிதழும் அறிக்கையும் சான்றிதழும் தமிழில் இருத்தல் வேண்டும். மாணவர் பெயரின் முன்னெழுத்தும் தமிழில் இருத்தல் வேண்டும். இதற்கும் 2021-ஆம் ஆண்டிலேயே அரசாணை உண்டு. தந்தை பெயர் முருகன் எனின் முன்னெழுத்து 'மு' ஆகும். அதை ஆங்கில எழுத்தாற் குறிப்பது, தந்தையையே வேற்றுமொழிக்கு மாற்றுவதாகும்.

மூன்று: பரிசு வரிசையில் தமிழே முதலில் நிற்றல் வேண்டும். முதலில் அழைக்கப்படும் பிள்ளையை ஊர் நினைவிற் கொள்ளும்.

நான்கு: மதிப்பெண்ணால் அளக்கவியலாத திறங்களுக்கும் பரிசு வேண்டும். பிழையின்றி உரக்கப் படிப்போர்க்கு ஒரு பரிசு. ல, ள, ழ திருந்த ஒலிப்போர்க்கு ஒரு பரிசு. நூலகத்தில் மிகுதியாகப் படித்தோர்க்கு ஒரு பரிசு. ஈராண்டு தோற்று மூன்றாம் ஆண்டில் தமிழில் தேறியவனுக்கும் ஒரு பரிசு. அவன் ஏறிய மேடு, முதல்வன் ஏறியதினும் செங்குத்தானது.

ஐந்து: சொல் திரட்டும் மாணவர்க்குப் பரிசு வேண்டும். இது தலையாயது. இப்பகுதியின் மூத்தோர் வாயில் உள்ள சொற்செல்வம் அகரமுதலிகளில் முழுதும் ஏறிவிடவில்லை. காற்றுக்கு வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைதோறும் பெயர் வைத்தவர் கடலோடிகள். கடலடியில் முத்துச்சிப்பி விளையும் திட்டைப் 'பார்' என்றனர் முத்துக்குளிப்போர். 1961-ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. குளித்தவர் மறைய மறைய அவர்தம் சொற்களும் மறைகின்றன. பனையேறுவோரிடத்துப் பாளையும் குருத்தும் மட்டையும் சில்லாட்டையும் நுங்கும் பதனீரும் கருப்பட்டியும் தவுணும் என ஒரு மரத்திற்கே ஒரு சொற்குவியல் உண்டு. பொருநைப் பாசனத்து உழவரிடத்து வேறொரு குவியல். எழுத்திலுள்ள சொல்லோடு மக்கள் வாய்ச்சொல்லையும் சான்றாகக் கொண்டு ஆய்ந்தவர் மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர். 1902-இல் சங்கரன்கோவிலிற் பிறந்த அவர், வாழ்வின் பெரும்பகுதியைப் பள்ளி, கல்லூரித் தமிழாசிரியராகவே கழித்தவர். விடுமுறையில் தன் பாட்டனிடம் அமர்ந்து ஐம்பது சொல் எழுதிக்கொண்டு வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளை, அவர் வழியில் முதலடி வைத்ததாகும். நூற்றுக்கு நூறு பெற்றவனுக்கு அளிக்கும் கோப்பையை அப்பிள்ளைக்கும் அளித்தால் என்ன?

ஆறு: பழைய மாணவர் தம் ஆசிரியரைப் பாராட்டும் நேரம் ஒன்று ஒவ்வொரு விழாவிலும் இருத்தல் வேண்டும். சேலம் கல்லூரியிற் பாவாணரிடம் பயின்ற மாணவர் பெருஞ்சித்திரனார், பின்னாளில் தம் ஆசிரியரின் சொற்பிறப்பியல் அகரமுதலிப் பணிக்குத் தென்மொழி இதழ் வழியே பொருள் திரட்டித் துணைநின்றார். ஆசிரியன் அறிவை மாணவன் தாங்கிக்கொண்ட செய்தி இது. குருகூரில் மதுரகவி செய்ததும் இதுவே. இடமும் காலமும் வேறு.

இவை அனைத்தையும் ஒரே ஆண்டிற் செய்ய இயலாதெனின், ஒன்றையேனும் தொடங்கலாம். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து, "அறிக்கையைத் தமிழிற் படியுங்கள், எங்கள் பிள்ளை என்ன செய்தான் என்று எங்களுக்கும் விளங்கட்டும்" என்று கேட்டால் மறுக்கும் பள்ளி எது? கேட்பார் இன்மையாலேயே பல கேடுகள் வழக்காகிவிட்டன.

திருச்செந்தூர் மாணவி பெற்ற நூறு மதிப்பெண், தமிழ்நாட்டுப் பள்ளிகள் அனைத்திற்கும் விடுத்த அழைப்பாகும். ஒருவர் ஏறிய படியில் ஆயிரவர் ஏறக்கூடும் என்பதை அது காட்டிவிட்டது. ஏறுவார் உளர், ஏற்றுவார் வேண்டும். குருகூர்ப் புளியமரத்தடியில் மேடையில்லை, ஒலிபெருக்கியில்லை. ஒரு மாணவன் தமிழால் தன் ஆசிரியனைப் பாராட்டினான், தமிழ் பிழைத்தது. ஒலிபெருக்கியும் மேடையும் வாய்த்த இக்காலப் பள்ளிகள், தமிழால் தம் மாணவரைப் பாராட்டக் கற்றுக்கொள்ளட்டும். அடுத்த விழாவின் அழைப்பிதழ் எந்த மொழியில் அச்சாகிறதோ, அதுவே அவ்வாண்டின் முதற்பாடம்.